லேப்டாப் இல்லாமல், போன் மட்டும் வைத்து வான்படம்: எந்தச் செயலி எதற்கு, எங்கே காலை வாரும்?

பால்வீதி79

கருவிகள்: கேனன் 1200டி, 18-55 கிட் லென்ஸ், 50 மி.மீ எஃப் 1.8 எஸ்டிஎம், சாதா ட்ரைபாட், டைப்-சி ஆண்ட்ராய்டு போன். ட்ராக்கர் (வானம் சுழலும் வேகத்துக்குக் கேமராவைத் திருப்பும் கருவி) இன்னும் வாங்கவில்லை. இடம் ஜவ்வாது மலை, காவலூர் பக்கம். லேப்டாப் தூக்கிப் போக வசதியில்லை.

மூன்று இடத்தில் சிக்கல். ஒன்று, கேமராவை ஓடிஜி ஒயரில் (போனில் வேறு கருவியைச் செருக உதவுவது) போனோடு இணைத்து, செயலி மூலம் வரிசையாகப் படம் எடுத்தால் இருபது, முப்பது படத்தில் இணைப்பு அறுந்துவிடுகிறது. இரண்டு, வான்வரைபடச் செயலி காட்டும் இடத்துக்கும் நட்சத்திரம் நிஜமாக இருக்கும் இடத்துக்கும் நீட்டிய கையின் முஷ்டி அகலம் தள்ளல். மூன்று, 500 விதிப்படி (500 ஐ குவியத்தூரத்தால் வகுத்தால் எக்ஸ்போஷர் வினாடி) கணக்குப் போட்டு எடுத்தாலும் நட்சத்திரம் புள்ளியாக விழாமல் கோடாகிறது.

மின்கம்பி

முதல் கேள்வியை நான் எடுத்துக்கொள்கிறேன்.

1200டியில் வைஃபை கிடையாது. அதனால் உங்களுக்கு ஒயர் ஒன்றுதான் வழி. கேமரா பக்கம் மினி-பி முனை, போன் பக்கம் ஓடிஜி அடாப்டர். அடாப்டர் போனில்தான் செருகியிருக்க வேண்டும். நடுவில் வரும் மினி-பி ஒயர் டேட்டா ஒயரா என்று பாருங்கள். சார்ஜுக்கு மட்டும் வரும் மலிவு ஒயர்களுக்குள் டேட்டா கம்பி இரண்டும் இருக்காது, கேமரா திரையில் அசைவே இருக்காது.

உங்களுக்கு இணைப்பு ஒருமுறை வந்து பிறகு அறுகிறது என்பதால் ஒயர் சரி. சந்தேகப்பட வேண்டியவை வேறு. செயலி ஒவ்வொரு ரா கோப்பையும் (சென்சாரின் சுருக்காத மூலப் படம்) போனுக்கு இழுக்கிறதா என்று அமைப்பில் பாருங்கள். 18 மெகாபிக்சல் ரா ஒன்று 20 எம்பிக்கு மேல் வரும். அதை இழுத்து முடிப்பதற்குள் அடுத்த படத்துக்கான கட்டளை போகும், வரிசை தேங்கித் தேங்கி ஒரு கட்டத்தில் செயலி உறைந்துவிடும். "கார்டில் மட்டும் சேமி" என்று மாற்றுங்கள். முன்னோட்டம் வேண்டுமென்றால் சிறிய ஜேபெக் மட்டும் போதும்.

அடுத்தது கேமராவின் ஆட்டோ பவர் ஆஃப். அதை முழுதாக நிறுத்துங்கள். போனில் அந்தச் செயலிக்கு பேட்டரி சிக்கனத்தை விலக்கிவிடுங்கள், இல்லையென்றால் திரை அணைந்த சில நிமிடத்தில் ஆண்ட்ராய்டு அதைத் தூங்க வைத்துவிடும். சில பிராண்டு போன்களில் ஓடிஜிக்குத் தனி சுவிட்ச் இருக்கிறது, பயன்பாடு இல்லாவிட்டால் பத்து நிமிடத்தில் தானே அணையும். நீண்ட இடைவெளி விட்டு எடுப்பவர்களை இது சரியாகக் கடிக்கும்.

ஒயரைச் செருகியதும் "எந்தச் செயலியில் திறக்க?" என்று போன் கேட்கும். அங்கே கேலரியைத் தேர்ந்து "எப்போதும்" என்று அமுக்கியிருந்தால் கேலரி கேமராவைப் பிடித்துவைத்துக்கொள்ளும், கட்டுப்பாட்டுச் செயலிக்கு அது கண்ணிலேயே படாது. கேலரியின் இயல்பு அமைப்புகளை அழித்துவிட்டு மறுபடி செருகுங்கள்.

இதையெல்லாம் சரிசெய்த பிறகும் என் கருத்து ஒன்றுதான்: ஃபோகஸ் வைக்கவும், சட்டம் (ஃப்ரேம்) பார்க்கவும் போன், இரவு முழுக்க ஷட்டர் அமுக்க ஒயர் ரிமோட். 1200டியில் இருப்பது 2.5 மி.மீ ரிமோட் துளை, இ3 வகை. அதற்கான டைமர் ரிமோட் இரண்டு சின்ன பேட்டரியில் பல இரவு ஓடும்.

எட்டங்குலஆடி

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். 500 விதி ஃபிலிம் காலத்துக் கணக்கு. உங்கள் சென்சாரில் ஒரு பிக்சல் 4.3 மைக்ரான். 206 ஐ 4.3 ஆல் பெருக்கி 50 ஆல் வகுத்தால் ஒரு பிக்சலுக்கு 17.7 ஆர்க் வினாடி (ஒரு ஆர்க் வினாடி என்பது டிகிரியில் 3600 இல் ஒரு பங்கு). வான நடுக்கோட்டில் (பூமத்திய ரேகைக்கு நேர் மேலே வானில் ஓடும் கோடு) இருக்கும் நட்சத்திரம் ஒரு வினாடிக்கு 15 ஆர்க் வினாடி நகரும். 500 ஐ 1.6 மடங்கு (உங்கள் சென்சார் சிறியது என்பதால் வரும் பெருக்கம்) 50 ஆல் வகுத்தால் 6.25 வினாடி வருகிறதில்லையா? அதற்குள் நட்சத்திரம் 94 ஆர்க் வினாடி, அதாவது ஐந்து பிக்சலுக்கு மேல் ஓடிவிட்டது. கோடு விழாமல் என்ன செய்யும்?

என்பிஎஃப் விதியைப் பிடியுங்கள். எஃப் எண்ணை 35 ஆல் பெருக்கி, பிக்சல் அளவை 30 ஆல் பெருக்கி, இரண்டையும் கூட்டி குவியத்தூரத்தால் வகுக்க வேண்டும். எஃப் 2.8 இல் உங்கள் 50 மி.மீ லென்ஸுக்கு 98 உம் 129 உம் சேர்ந்து 227, அதை 50 ஆல் வகுத்தால் 4.5 வினாடி. 18 மி.மீ எஃப் 3.5 இல் 14 வினாடி. ஃபோட்டோபில்ஸ் செயலியில் கேமரா மாடலைக் கொடுத்தால் இதை அதுவே போட்டுத் தரும்.

இந்த எண் நடுக்கோட்டுக்கு. ஓரையனின் இடுப்புப் பட்டை அங்கேதான் இருக்கிறது, அதனால் அதற்கு அப்படியே பொருந்தும். தென்சிலுவை நடுக்கோட்டிலிருந்து 60 டிகிரி தெற்கே இருப்பதால் அது பாதி வேகத்தில்தான் நகரும். அதே லென்ஸில் 9 வினாடி வரை போகலாம். காவலூரிலிருந்து அது தெற்கே 17 டிகிரி உயரம் வரை ஏறும். ஐரோப்பாவில் உட்கார்ந்து எழுதிய வழிகாட்டிகளில் அதைப் பற்றி ஒரு வரி இருக்காது. நமக்கு மட்டும் கிடைக்கிற பகுதி, விடாதீர்கள்.

பிறகு ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிச் சேர்க்க 4 வினாடிப் படம் 200 எடுத்தால் 13 நிமிட வெளிச்சம். இடைவெளியும் சேர்த்து வானம் நாலைந்து டிகிரி நகர்ந்திருக்கும். உங்கள் சட்டம் 25 டிகிரி அகலம் என்பதால் நடுவில் ட்ரைபாடைத் திருப்ப வேண்டியதே இல்லை.

கேட்டை

மின்கம்பி அண்ணன் சொன்னதில் பாதிதான் எனக்கு உடன்பாடு. டைமர் ரிமோட்டால் ஷட்டரைத் திறந்து மூட மட்டும்தான் முடியும். அந்தியிலிருந்து இருட்டு வரை தொடர்ந்து எடுக்கிற டைம்லாப்ஸில் எக்ஸ்போஷரும் ஐஎஸ்ஓவும் படிப்படியாக மாற வேண்டும். கியூடிஎஸ்எல்ஆர் டாஷ்போர்டு போன்ற செயலி ஒவ்வொரு படத்தின் வெளிச்சத்தையும் அளந்து அடுத்ததை அதுவே மாற்றும். கேமராவைக் கையால் தொட்டு மாற்றினால் சட்டம் ஆடிவிடும். அந்த வேலைக்கு ஒயர் ரிமோட் ஈடாகாது.

மின்கம்பி

டைம்லாப்ஸுக்குச் சரி, ஏற்றுக்கொள்கிறேன். அடுக்கிச் சேர்க்கும் படங்களுக்கு எல்லாமே ஒரே அமைப்பில் இருப்பதால் அங்கே போனுக்கு வேலை இல்லை. இன்னொரு காரணமும் உண்டு: லைவ் வியூ (திரையில் நேரடிக் காட்சி) ஓடிக்கொண்டே இருந்தால் சென்சார் சூடாகும், சூடு ஏற ஏற இரைச்சலும் ஏறும். ஃபோகஸ் முடிந்ததும் லைவ் வியூவை மூடுங்கள். போனில் இணைத்திருந்தால் பலர் மூட மறக்கிறார்கள்.

பால்வீதி79

ஃபோகஸ் பற்றியும் ஒரு கேள்வி. செயலியில் ஃபோகஸ் அம்புகள் தெரிகின்றன, அமுக்கினால் ஒன்றும் அசையவில்லை.

கேட்டை

லென்ஸ் சுவிட்ச் எம்எஃப் (கையால் ஃபோகஸ்) பக்கம் இருக்கும், பாருங்கள். எம்எஃபில் இருந்தால் லென்ஸ் மோட்டாருக்குக் கட்டளை போகாது. ஏஎஃபுக்கு (தானியங்கி ஃபோகஸ்) தள்ளுங்கள். ஒரு பிரகாசமான நட்சத்திரத்தைச் சட்டத்தின் நடுவுக்குக் கொண்டுவந்து, 10 மடங்கு பெரிதாக்கி, முதலில் பெரிய அம்பு, பிறகு சின்ன அம்பு. நட்சத்திரம் மிகச் சிறிய புள்ளியாகும் இடத்தைத் தாண்டிப் போய், திரும்பி வாருங்கள். மோட்டாரின் பற்சக்கரத்தில் கொஞ்சம் தளர்வு இருக்கும். அதனால் கடைசி அசைவு எப்போதும் ஒரே திசையிலிருந்து வரட்டும். புள்ளி கிடைத்ததும், லென்ஸைப் பிடித்து ஆட்டாமல், விரல் நுனியால் சுவிட்சை எம்எஃபுக்குத் தள்ளுங்கள். தள்ளாமல் விட்டால் முதல் படத்துக்கே கேமரா இருட்டில் ஃபோகஸ் தேடி ஓடி எல்லாவற்றையும் கெடுத்துவிடும்.

எஸ்டிஎம் லென்ஸின் வளையம் மின்சாரத்தில் வேலை செய்வது. கேமரா தூங்கும்போது எவ்வளவு திருகினாலும் உள்ளே எதுவும் நகராது. கிட் லென்ஸில் இருக்கும் ஐஎஸ் சுவிட்சையும் அணைத்துவிடுங்கள். ட்ரைபாடில் அது இல்லாத நடுக்கத்தைத் திருத்தப் பார்க்கும்.

இரண்டு மணிநேரத்துக்கு ஒருமுறை ஃபோகஸை மறுபடி பாருங்கள். மலையில் வெப்பம் இறங்கும்போது குவியம் நகரும்.

எட்டங்குலஆடி

இரண்டாவது கேள்வி, வரைபடம் தள்ளிக் காட்டுவது. ஸ்டெல்லேரியம், ஸ்கைசஃபாரி, ஸ்கை மேப் எதுவானாலும் திசை வருவது போனுக்குள் இருக்கும் காந்த உணரியிலிருந்து. முஷ்டி அகலம் என்றால் சுமார் 10 டிகிரி. தமிழ்நாட்டில் காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் வித்தியாசம் ஓரிரு டிகிரிதான், அதனால் பூமியின் மேல் பழி போட முடியாது. காந்தப் பூட்டு வைத்த கவர், காரில் ஒட்ட ஒட்டிய இரும்புத் தகடு, பக்கத்தில் இருக்கும் இரும்பு ட்ரைபாட், ஸ்பீக்கர் ஆகியவைதான் வழக்கமான குற்றவாளிகள். கவரைக் கழற்றி, போனைக் காற்றில் 8 போல நாலைந்து முறை சுழற்றுங்கள். பிறகும் தள்ளினால் உணரியையே அணைத்துவிட்டு வரைபடத்தை விரலால் இழுத்துத் தெரிந்த நட்சத்திரத்தோடு பொருத்துவது மேல். திருவாதிரையும் ரோகிணியும் தெரிந்தவருக்குக் கார்த்திகைக் கூட்டத்தைப் பிடிக்கத் திசைகாட்டி எதற்கு?

வரைபடக் கோப்புகளை மலைக்குப் போகும் முன்பே இறக்கிவிடுங்கள். அங்கே சிக்னலை நம்ப முடியாது. ஜிபிஎஸுக்கு மொபைல் சிக்னல் வேண்டாம், ஆனால் முதல்முறை இடம் பிடிக்கச் சில நிமிடம் ஆகும்.

யாழ்வானம்

அண்ணை, ட்ராக்கர் வைச்சிருக்கிற ஆக்களுக்கு ஒரு கேள்வி. இஞ்ச யாழ்ப்பாணத்தில துருவ நட்சத்திரம் 9.7 பாகை உயரத்திலதான் நிக்குது. பனைமரத்துக்கும் புழுதிக்கும் பின்னால அரைவாசி நாள் தெரியிறதே இல்லை. போன்ர திசைகாட்டியையும் சரிவுமானியையும் மட்டும் நம்பி ட்ராக்கரை வடக்குக்கு வைச்சா எவ்வளவு தூரம் தாக்குப்பிடிக்கும்?

எட்டங்குலஆடி

தம்பி, கணக்குப் போட்டே பார்க்கலாம். ட்ராக்கரின் சுழல் அச்சு வான துருவத்திலிருந்து எத்தனை ஆர்க் நிமிடம் (டிகிரியில் 60 இல் ஒரு பங்கு) தவறியிருக்கிறதோ அதை 0.26 ஆல் பெருக்கி, எக்ஸ்போஷர் நிமிடத்தாலும் பெருக்கினால் அதிகபட்ச நகர்வு ஆர்க் வினாடியில் வரும். ஒரு டிகிரி தவறு, 2 நிமிட எக்ஸ்போஷர் என்றால் 31 ஆர்க் வினாடி. 50 மி.மீ லென்ஸில் இரண்டு பிக்சலுக்கும் குறைவு, தாராளமாகப் போதும். 200 மி.மீ லென்ஸில் அதே தவறு ஏழு பிக்சல் கோடு. திசைகாட்டி 5 டிகிரி தவறினால் 50 மி.மீ லென்ஸிலேயே ஒன்பது பிக்சல்.

சரிவுமானியைப் பற்றிக் கவலை வேண்டாம். சமதளமான மேசையில் வைத்துச் சுழியாக்கிய பிறகு அது அரை டிகிரிக்குள் நிற்கும். உயிரை எடுப்பது திசைதான். அதுவும் நம்ம அட்சரேகையில் கூடுதலாக. லண்டனில் வடக்கைத் தவறவிட்டால் அந்தத் தவறில் 0.62 பங்குதான் அச்சில் விழும், யாழ்ப்பாணத்தில் 0.99 பங்கு, கிட்டத்தட்ட முழுதாக விழும்.

துருவம் தெரியாத இடத்தில் சூரிய நிழலைப் பயன்படுத்துங்கள். ஒரு பலகையைச் சமமாக வைத்து அதன்மேல் தூக்குக்குண்டு நூலைத் தொங்கவிடுங்கள். மார்கழி மாலை நாலு மணி வாக்கில் ஸ்டெல்லேரியத்தில் சூரியனைத் தொட்டால் திசைக்கோணம் 240 டிகிரி பக்கம் காட்டும். நிழல் அதற்கு நேர் எதிரே, 60 டிகிரியில் விழும். நூலின் நிழல் நடுவே கோடு போட்டு, அந்தக் கோட்டிலிருந்து இடப்பக்கம் 60 டிகிரி பாகைமானியால் அளந்தால் உண்மை வடக்கு. அந்த நேரத்தில் கோணம் பத்து நிமிடத்துக்கு ஒரு டிகிரிதான் மாறும், அதனால் கோடு போடுவதில் ஒரு நிமிடம் பிந்தினாலும் பாதகமில்லை.

பலர் இதை உச்சி வேளையில் செய்யச் சொல்வார்கள். நம்ம ஊரில் அது சரிவராது. சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் நண்பகலில் சூரியன் தலைக்கு நேர் மேலே, நிழலே கிடையாது. இடைப்பட்ட மாதங்களில் சூரியன் வடக்கே போய்விடுவதால் நிழல் தெற்கே விழும். வடக்கு என்று நினைத்துத் தெற்கைக் குறித்துவிடுவீர்கள்.

யாழ்வானம்

நல்ல விளக்கம் அண்ணை. இன்னொண்டையும் சேர்த்துவிடுறன்: துருவம் தெரியிற நாளில போலார் ஸ்கோப் (ட்ராக்கரில துருவத்தைப் பாக்கிற சின்னத் தொலைநோக்கி) செயலி பாவிக்கிற ஆக்கள், தங்கட ஸ்கோப்புக்குள்ள படம் தலைகீழா தெரியுதோ எண்டு பாத்து, செயலியிலயும் அதே மாதிரி மாத்த வேணும். துருவ நட்சத்திரம் உண்மையான துருவத்தில இருந்து 38 ஆர்க் நிமிடம் தள்ளி நிக்குது. எதிர்ப்பக்கத்தில வைச்சா தவறு இரண்டு மடங்காகி ஒரு பாகைக்கு மேல போயிடும். பாக்க வடிவா பொருந்தின மாதிரிதான் இருக்கும், அதுதான் ஆபத்து.

பால்வீதி79

ட்ராக்கர் அல்லது கோ-டு மவுண்ட் (தொலைநோக்கியைத் தானே திருப்பும் தாங்கி) வாங்கினால் போனிலேயே ஓட்ட முடியுமா? வரைபடத்தில் தொட்டால் தொலைநோக்கி திரும்புமா?

எட்டங்குலஆடி

முடியும். ஸ்கை-வாட்சர் மவுண்ட் என்றால் அதன் வைஃபையில் போனைச் சேர்த்து சின்ஸ்கேன் செயலியில் இணைக்க வேண்டும். மவுண்டின் முகவரி 192.168.4.1. பூமத்திய மவுண்டுக்கு (துருவத்தை நோக்கிச் சாய்ந்த அச்சு உள்ளது) சின்ஸ்கேன் ப்ரோ, மேல்-கீழ் இட-வலம் திரும்பும் மவுண்டுக்கு சாதா சின்ஸ்கேன். அது பின்னணியில் ஓட, ஸ்கைசஃபாரி பிளஸ் அல்லது ப்ரோவில் அதே போனின் முகவரி 127.0.0.1, போர்ட் 11882 கொடுத்தால் வரைபடத்தில் தொட்ட இடத்துக்குத் திரும்பும்.

இங்கேயும் வாருகிற இடம் ஒன்று உண்டு. மவுண்டின் வைஃபையில் இன்டர்நெட் இல்லை. ஆண்ட்ராய்டு அதைப் பார்த்துவிட்டு மொபைல் டேட்டாவுக்குத் தாவும், மவுண்ட் தொடர்பு போய்விடும். ஏரோபிளேன் மோடு போட்டு வைஃபையை மட்டும் திரும்பத் திறங்கள். வைஃபை வைத்த கேமராக்களுக்கும் இதே மருந்துதான். கேமரா வைஃபை, மவுண்ட் வைஃபை இரண்டோடும் ஒரே நேரத்தில் ஒரு போன் பேசாது. மவுண்டுக்கு வைஃபை, கேமராவுக்கு ஒயர் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

கேட்டை

தொலைநோக்கி வந்த பிறகு கண்ணருகு வில்லையில் போனையே பொருத்தி நிலா எடுப்பீர்கள், அதற்கும் சொல்லிவிடுகிறேன். முதலில் 25 மி.மீ வில்லை, 10 வேண்டாம். பெரிய வில்லையில் போனை மையப்படுத்துவது எளிது. ஓப்பன் கேமரா செயலியில், அமைப்புக்குள் கேமரா2 ஏபிஐ என்பதைத் தேர்ந்தால்தான் கையால் ஃபோகஸும் ஷட்டரும் வரும். அதைப் பலர் தேடிப் பார்க்காமலே "என் போனில் இல்லை" என்று விட்டுவிடுகிறார்கள். அரைநிலாவுக்கு ஐஎஸ்ஓ 100, 1/125 வினாடியில் தொடங்கி ஏற்றி இறக்குங்கள். மூன்று வினாடி டைமர் கட்டாயம், விரல் பட்டால் எல்லாம் ஆடும்.

மூன்று, நாலு லென்ஸ் உள்ள போன்கள் நடுவில் தானாக வேறு லென்ஸுக்கு மாறும், திரை சட்டென்று கறுக்கும். பக்கத்து லென்ஸ்களை இன்சுலேஷன் டேப்பால் மூடிவிட்டு, பிரதான லென்ஸை மட்டும் 1 மடங்கில் வையுங்கள். வியாழனுக்குப் படம் வேண்டாம், வீடியோ எடுத்து அடுக்குங்கள். அது ஒரு சுற்றை பத்து மணிநேரத்துக்குள் முடிப்பதால் இரண்டு நிமிடத்துக்கு மேல் போகாதீர்கள், விவரம் இழுபடும்.

சிவப்புத் திரை பற்றி: வரைபடச் செயலிகளின் இரவு நிறம் அந்தச் செயலிக்குள் மட்டும்தான். ஒரு வாட்ஸ்அப் அறிவிப்பு வெள்ளையாக எழுந்தால் இருட்டுக்குப் பழகிய கண் மறுபடி பழக இருபது நிமிடத்துக்கு மேல் ஆகும். ஐபோனில் அணுகல் வசதிகளுக்குள் நிற வடிகட்டி, அதில் நிறச்சாயத்தைச் சிவப்பாக முழு அளவுக்குத் தள்ளினால் திரை முழுக்கச் சிவக்கும். ஆண்ட்ராய்டுக்குச் சிவப்பு செல்லோஃபேன் தாள் இரண்டு மடிப்பு. எளிய வழி, எல்லா போனுக்கும் பொருந்தும்.

பால்வீதி79

கடைசியாக பேட்டரி. எல்பி-இ10 ஒன்று இரவு முழுக்க வராது. பவர்பேங்கிலிருந்து கொடுக்கலாமா?

மின்கம்பி

நேராகக் கூடாது, பவர்பேங்க் 5 வோல்ட், உங்கள் கேமராவுக்கு 7.4. டிஆர்-இ10 வகை டம்மி பேட்டரி (பேட்டரி வடிவில் ஒயரோடு வருவது), யூபிஎஸ்ஸில் வரும் 12 வோல்ட் 7 ஏஹெச் பேட்டரி, நடுவில் எல்எம்2596 பக் கன்வெர்ட்டர் (வோல்ட்டைக் குறைக்கும் போர்டு). கேமராவைச் செருகுவதற்கு முன்பே மல்டிமீட்டரை வெளியீட்டில் வைத்து, திருகைத் திருப்பி 7.4 க்கு நிறுத்துங்கள். புதிய போர்டு வரும்போது திருகு எங்கே இருக்கும் என்று சொல்ல முடியாது, சில நேரம் உள்ளே வருகிற 12 வோல்ட்டை ஏறக்குறைய அப்படியே வெளியே விடும். கேமரா போய்விடும். சரியான இடத்தில் நிறுத்திய பிறகு திருகின்மேல் ஒரு சொட்டு நகப்பூச்சு வையுங்கள், பையில் ஆடி நகராது. பிளஸ், மைனஸ் எது என்று டம்மியின் முனையிலேயே அளந்து பாருங்கள், ஒயர் நிறத்தை நம்பாதீர்கள். பேட்டரி பக்கம் 2 ஆம்பியர் ஃபியூஸ்.

ஓடிஜியில் இருக்கும்போது போன் சார்ஜ் ஏறாது. வேண்டுமென்றால் பிடி (பவர் டெலிவரி) உள்ளீடு வைத்த டைப்-சி ஹப் தேவை. ஃபோகஸ் முடிந்ததும் ஒயரைக் கழற்றிவிடுவீர்கள் என்றால் அந்தச் செலவு மிச்சம்.

பால்வீதி79

சரி. அப்படியானால் திட்டம்: 50 மி.மீ எஃப் 2.8, ஐஎஸ்ஓ 1600, 4 வினாடி, 200 படம், ரா, லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்‌ஷன் அணைத்து. போனில் ஃபோகஸ், பிறகு ஒயரைக் கழற்றி டைமர் ரிமோட். ரிமோட்டில் லாங் (ஷட்டர் திறந்திருக்கும் நேரம்) 4, இன்டர்வல் 1.

மின்கம்பி

நில்லுங்கள், அந்த இன்டர்வல் 1 இல் பொறி இருக்கிறது. சில ரிமோட்டுகளில் இன்டர்வல் என்பது ஒரு படம் முடிந்து அடுத்தது தொடங்கும் வரை. வேறு சிலவற்றில் ஒரு படத்தின் தொடக்கத்திலிருந்து அடுத்ததன் தொடக்கம் வரை. இரண்டாவது வகையில் 1 என்று வைத்தால் எக்ஸ்போஷர் முடியும் முன்பே அடுத்த கட்டளை வந்து பாதிப் படம் காணாமல் போகும். அதில் 6 வைக்க வேண்டும், முதல் வகையில் 2. பெட்டியில் வரும் தாளில் இது எழுதியிருக்காது. வீட்டிலேயே லாங் 5, இன்டர்வல் 8 என்று வைத்து, கேமராவை பல்பில் (ரிமோட் விடும் வரை ஷட்டர் திறந்திருக்கும் முறை) விட்டு ஷட்டர் சத்தத்தைக் கடிகாரத்தோடு எண்ணுங்கள். திறக்கும் சத்தம் 8 வினாடிக்கு ஒருமுறை கேட்டால் இரண்டாவது வகை, 13 க்கு ஒருமுறை கேட்டால் முதல் வகை.